தழும்பாகும் வரை

பங்குனி உத்திரத்தன்று அப்பா பால்குடம் எடுத்தபோது கூட இருந்தவர்கள்: அம்மா, கரக்பூரிலிருந்து முந்தின நாளே வந்து இறங்கிய மாமா, பக்கத்து வீட்டுப் பௌதி, பௌதியின் பையன், நான். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி; அவருக்கு எது பூஜை என்றாலும் ஒன்றுதான். கற்பூரம் காட்டும் நேரம் பார்த்து, வங்காளத்துப் பெண்கள் பூஜையில் செய்வது போல, நாக்கைச் சுழற்றி உலு ஒலி எழுப்பினார். குருக்கள் ஒரு நொடி மந்திரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இல்லாதவர் ஒருவர்தான். சிஸ்டர். அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்து சொல்லவில்லை.

சிஸ்டருக்குப் பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால் "என் பேரு எதுக்கு, என்ன புண்ணுன்னு எழுதினியா இல்லையா" என்று கேட்பார். ஆகவே விட்டுவிடுகிறேன். ஒரு அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸிங் ரூமில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். குள்ளம். வெள்ளைப் புடவையை விட்டு வருஷங்கள் ஆகியும் நடை மட்டும் வார்டில் நடக்கிற நடையாகவே இருந்தது. அவர் பின்னால் போனால் நம் கையில் ஏதோ ட்ரே இருப்பது போலத் தோன்றும்.

நான் அவரைப் பார்த்தது ஸ்பானிஷ் வகுப்பில். ஜாதவ்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, வாரம் இரண்டு நாள், மாலையில். செக்டர் ஃபைவில் ஓர் அலுவலகத்தில் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலையில் நான் சேர்ந்திருந்தேன். ஸ்பானிஷ் தெரிந்தால் மாதம் நாலாயிரம் கூடுதல் என்றார்கள். என் அப்பா கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைப்பவர். அம்மா பஸ் நம்பரை மட்டும் படிப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் முதல் பெஞ்சு, மூன்று நிறப் பேனா, தேதி போட்ட நோட்டு. மற்றவர்களில் பாதிப் பேர் அர்ஜென்டினா கால்பந்து டீமுக்காக வந்தவர்கள். கோல் போட்டவுடன் ஆட்டக்காரர்கள் என்ன கத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வதே அவர்களுடைய லட்சியம்.

சிஸ்டர் வந்த காரணம் வேறு. அவர் மகள் லிஸ்பனில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரு வருஷத்துக்குள் இவரும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. போர்ச்சுகீஸ் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஸ்பானிஷ் படித்தால் பாதி தேறிவிடலாம் என்று யாரோ சொல்ல, வந்து உட்கார்ந்துவிட்டார். சார் எந்த வார்த்தையைச் சொன்னாலும் இவர் கை மேலே போகும்.

"சார், அங்கேயும் இதேதானா?"

சார் பொறுமைசாலி. ஸ்பெயினில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர். "இல்லை தீதி, போர்ச்சுகீஸில் கொஞ்சம் வேறு" என்பார். சிஸ்டர் நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தியாக எழுதிக்கொள்வார். அது நோட்டே அல்ல, மருத்துவமனையில் மிச்சமாகிப்போன டிரஸ்ஸிங் ரெஜிஸ்டர். 'நோயாளி பெயர்' என்று அச்சடித்த கட்டத்தில் ஸ்பானிஷ், 'படுக்கை எண்' கட்டத்தில் போர்ச்சுகீஸ். புண்ணுக்கு இங்கே எரீதா, அங்கே ஃபெரீதா. முதல் நாளே கேட்டு எழுதிய வார்த்தை அதுதான். வணக்கம் சொல்வதை மூன்றாம் நாள்தான் கற்றுக்கொண்டார்.

அந்த முதல் நாளில் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டிருந்தோம். அவர் முறை வந்ததும் எழுந்து, நேரே சாரிடம் போய், மோவாயைத் தொடாத குறையாகக் குனிந்து பார்த்தார்.

"தேக்கி," என்றார். காட்டுங்கள், பார்க்கலாம் என்பதற்கு வங்காளத்தில் சொல்வது. "இது சைக்கிள்ள விழுந்ததா?"

சார் தாடியைத் தடவிக்கொண்டார். அதற்குள் ஒரு தழும்பு இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. "சின்ன வயசில். ட்ராம் லைனில் சக்கரம் மாட்டிக்கிட்டது."

"நாலு தையல். ஒருத்தன் அவசரத்துல போட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் பெயரைச் சொல்லவே இல்லை.

இதுதான் அவர். வாயால் சொல்லும் எதையும் நம்ப மாட்டார், கண்ணால் பார்க்க வேண்டும். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் முழங்கை, மீன்காரர் கட்டைவிரல், கோயில் பூக்காரியின் நெற்றி, எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வருவார். ஒருமுறை லேக் மார்க்கெட்டில் மீன்காரர் ஒருவர் தன் உள்ளங்கைத் தழும்பைக் காட்டி, மீன் வெட்டும் பெரிய அரிவாள் வெட்டியது என்று வீரமாகக் கதை சொன்னார். சிஸ்டர் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"தாதா, இது அரிவா இல்ல. சார்டின் டின்னு."

மீன்காரர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு, "யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்று கேட்டுக்கொண்டு நூறு கிராம் கூடுதலாக நிறுத்தார். மீன் விற்கிறவர் டின் மீன் வாங்கித் தின்றது வெளியே தெரிந்தால் கேவலம் இல்லையா.

ஸ்பானிஷில் அவர் முதலில் சரளமாகப் பேசியது 'ஆ வேர்'. எங்கே பார்க்கலாம் என்று அர்த்தம். அது கிடைத்த அன்று முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தமிழில் காட்டு, வங்காளத்தில் தேக்கி, இப்போது இது. இனி எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

அவரோடு பேச்சுப் பயிற்சிக்கு ஜோடி சேர எல்லாரும் பயந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்பது கேள்வி. மற்றவர்கள் படம் பார்த்தேன், பிரியாணி சாப்பிட்டேன் என்பார்கள். சிஸ்டர் நிறுத்தி நிதானமாக, "ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்து வீட்டு அம்மாவின் புண்ணைக் கழுவினேன். புண்ணில் சீழ் இருந்தது. சீழ் மஞ்சளாக இருந்தது," என்பார். நிறங்கள் என்ற பாடத்தை அவர்தான் வகுப்பில் முதலில் முடித்தார். சுமன் என்ற அர்ஜென்டினா ரசிகன் அன்று ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் வாங்கி வைத்திருந்த முட்டை ரோலைச் சாப்பிடாமல் எனக்குக் கொடுத்தான்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. எந்தப் புண்ணையும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டார். மூடியிருக்கு என்பார். நன்றாக மூடியிருக்கு என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தோல் இறுகி, நிறம் மாறி, தழும்பாகிக் கைக்குக் கெட்டியாகப் படும் வரை அவர் கணக்கில் அது புண்தான்.

ஜனவரியில் ஒருநாள் உடம்பு பற்றிய பாடம். சார் பலகையில் சிகாத்ரிசார் என்று எழுதினார். "புண் மூடித் தழும்பாகிறதே, அந்தக் காரியத்துக்கு வினைச்சொல்," என்றார். சிஸ்டரின் கை வழக்கம்போல மேலே போனது.

"சார், அங்கேயும் இதேதானா?"

"இதேதான் தீதி. எழுத்து மாறாமல் இதேதான். வாயில்தான் கொஞ்சம் வேறு மாதிரி வரும்."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு பத்திக்கும் நடுவே இருந்த கோட்டின் மேலேயே, பெரிய எழுத்தில், அந்த வார்த்தையை எழுதினார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது என்னிடம் தமிழில் சொன்னார்:

"பாரு தம்பி, நாம புண்ணு ஆறிடுச்சுங்கறோம், காப்பி மாதிரி. இந்த வங்காளிங்க காஞ்சிடுச்சுங்கறாங்க, கொடியில போட்ட துணி மாதிரி. அந்த ஊர்க்காரங்கதான் தழும்பு வந்தாத்தான் ஒத்துக்கறாங்க. டிரஸ்ஸிங் ரூம்ல வேல பாத்தவன் எவனோதான் இந்த வார்த்தைய உண்டாக்கியிருக்கணும்."

இதற்குள் அவர் எங்கள் வீட்டுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் வந்துபோக ஆரம்பித்திருந்தார். அதற்குக் காரணமும் வகுப்புதான். டிசம்பர் தொடக்கத்தில், வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி உண்மையாக நாலு வரி எழுதச் சொன்னார் சார். நான் உண்மையாக எழுதினேன். 'என் அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தார். தண்டவாளத்தில் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தார். இப்போது ஓய்வு பெற்றார். அவர் இடது காலில் மூன்று மாதமாக ஒரு எரீதா இருக்கிறது.' படித்து முடித்துவிட்டுச் சார் பாராட்டுவாரென்று காத்திருந்தேன். சிஸ்டர் எழுந்து பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வீடு எங்க?"

"தாகுரியா. லைனை ஒட்டி."

"கிளம்பு."

வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. என் வாழ்க்கையில் நான் பாதியில் எழுந்து வந்த ஒரே வகுப்பு அது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்தார். யாரோ படித்த அம்மாள் வருகிறார் என்று பீடியை மறைத்தார். சிஸ்டர் பீடியைப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணே, காட்டுங்க."

அப்பா காலைத் தூக்கினார். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு புளியங்கொட்டை அகலம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சிஸ்டர் ஓரத்துச் செத்த தோலை நீக்கிய பிறகு அது நெல்லிக்காய்க்கு மேல் இருந்தது.

"என்ன போட்டீங்க?"

"மஞ்சாத்தூளு, வேப்பெண்ண," என்றார் அப்பா. கொஞ்சம் பெருமையோடு, "மொதல்ல கிரீஸு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"என்ன கிரீஸு?"

"லைன்ல ஃபிஷ்பிளேட்டுக்குப் போடுவோம்ல, அந்த கிரீஸு. முப்பது வருசமா இன்னா அடிபட்டாலும் அதான் சிஸ்டரம்மா."

"அண்ணே, நீங்க தண்டவாளம் இல்ல."

பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஒரு துடைப்பக்குச்சியால் உள்ளங்காலை அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்து இடம் தொட்டு முடித்துவிட்டார். அப்பா கண்ணை மூடியபடி, "தொடுங்க சிஸ்டரம்மா, பரவால்ல," என்றார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வலியே இல்லன்னு சொன்னீங்களே அண்ணே, அதுதான் வியாதி. சர்க்கரை. கால் செத்த மாதிரி ஆயிடுச்சு. இனிமே உங்க காலுக்கு என்ன ஆனாலும் காலு உங்ககிட்ட சொல்லாது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா பாதி பாதம் போயிருக்கும்."

மறுநாள் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மாத்திரை, ஊசி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரு டாக்டரை அவரே பிடித்தார். புண் மட்டும் அவருடையது. உப்புத் தண்ணீர், காஸ், பஞ்சு. புண் தரையில் படாதபடி செருப்பின் அடியில் ஒரு குழி வெட்டிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை புடவைக் கவர் வரும். புதுப் புடவை போட்டு விற்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவர், அதற்கு இரண்டு பக்கம் உண்டு. அதைப் புண்ணின் மேல் வைத்து, மேல் பக்கத்தில் மார்க்கரால் புண்ணின் ஓரத்தை வரைவார். கீழ்ப்பக்கத்தை வெட்டி எறிந்துவிடுவார். மேல்பக்கத்தில் தேதி. லேக் மார்க்கெட் புடவைக் கடைகளில் புடவையே வாங்காமல் கவர் மட்டும் வாங்கிப்போகும் ஒரே வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்க முடியும்.

இரண்டாவது வாரத்துப் படத்தைப் பார்த்து, "நம்ம வகுப்புச் சுவர்ல இருக்கற ஸ்பெயின் மேப் மாதிரி இருக்கு சிஸ்டர்," என்றேன்.

"அப்ப போர்ச்சுகல் ஆக்கணும்," என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவுக்கு அதுவே விளையாட்டு. கட்டுப் பிரிக்கும்போதே, "இன்னிக்கு எந்த ஊரு சிஸ்டரம்மா?" என்பார். பிப்ரவரியில் போர்ச்சுகல் வந்தது. சிஸ்டர் ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டி வாங்கி வந்தார், சர்க்கரைக்காரருக்குக் கிடையாது என்று சொல்லி எங்களுக்கு மட்டும் கொடுத்தார். மார்ச் நடுவில் கவரில் வரைய ஒன்றும் இல்லை. ரோஜா நிறத்தில் மெல்லிய தோல்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கவரில் பணம் வைத்து நீட்டினார். சிஸ்டர் அதைத் திருப்பிக் கூடப் பார்க்கவில்லை.

"மூடியிருக்கு. அவ்வளவுதான். இது இப்ப அப்பளம். எவ்வளவு வருஷம் ஆனாலும் பழைய தோல்ல முக்கால்வாசி பலந்தான் இதுக்கு வரும். அந்த முக்காலும் வர மாசக்கணக்காகும். வெறுங்கால் வெக்கக் கூடாது. பாத்ரூம் போனாலும் செருப்பு."

அவர் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார். கால் நல்லபடி மூடினால் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக டிசம்பரிலேயே முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். வெறுங்காலோடு. லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து கோயில் வரை, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"செருப்பு போட்டுகிட்டு எடு," என்றார் அம்மா.

"செருப்பு போட்டுகிட்டா? நீ இன்னாடி பேசற. குடுத்தவன் கைல திருப்பி அடிக்கற மாதிரி."

"சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்," என்றேன் நான்.

"கேட்டா வேணாம்பாங்க," என்றார் அம்மா. "அப்பறம் சாமிக்குச் சொன்னதும் போகும், அவங்க பேச்ச மீறின மாதிரியும் ஆகும். கேக்காம இருந்தா ஒண்ணுதான் தப்பு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்றாலும் தர்க்கம் அம்மாவிடம்தான் இருந்தது. துடைப்பக்குச்சியை நான் பார்த்திருந்தேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் தேதியோடு என் நோட்டில் இருந்தது. இருந்தும் அந்த வாரம் வகுப்பில் சிஸ்டர் ஸ்பானிஷில், "உன் அப்பாவின் கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது, மூய் பியென் என்றேன். ரொம்ப நன்றாக இருக்கிறது.

"முழு வாக்கியமா சொல்லு."

முழு வாக்கியமாகச் சொன்னேன். இலக்கணம் சரியாக இருந்தது.

உத்திரத்தன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஊர்வலம் கிளம்பப் பத்தரை ஆயிற்று. தார் ரோட்டில் பெண்கள் இரண்டடி நடந்து ஒரு துள்ளுத் துள்ளினார்கள். யாரோ முன்னால் போய் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். மாமாவுக்குக் கால் பொறுக்காமல் நடைபாதை ஓரம் ஓடி ஓடிச் சேர்ந்துகொண்டார். அப்பா மட்டும் நடு ரோட்டில், நிமிர்ந்து, ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணி நடக்கிறவர் போல ஒரே சீராக நடந்தார். கோயிலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோது முகம் பளபளத்தது.

"கொஞ்சங்கூட சுடலடா. எல்லாரும் துள்ளறாங்க, எனக்குப் புல்லு மேல நடந்த மாதிரி இருக்குது. முருகன் கருணையப் பாரு."

அம்மா அழுதுவிட்டார், சந்தோஷத்தில். நான் பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே வைத்தேன். காலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் முயற்சி செய்யவேண்டியிருந்தது.

நான்கு நாள் கழித்து சிஸ்டர் வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போக. அப்பா கட்டிலில் சாக்ஸ் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏப்ரல் மாசத்துல சாக்ஸா அண்ணே?"

"கொசு, சிஸ்டரம்மா."

"எங்க, காட்டுங்க."

உள்ளங்கால் முன்பகுதி முழுக்கக் கொப்புளம் வெடித்துத் தோல் வழன்று கிடந்தது. பழைய இடம் திறந்துகொண்டு சுண்டுவிரலுக்கு ஏறியிருந்தது. திட்டு வாங்கத் தயாராக மூவரும் வரிசையாக நின்றோம். சிஸ்டர் திட்டவில்லை. பையிலிருந்து புடவைக் கவரை எடுத்து மேலே வைத்து வரைந்தார். ஒரு கவர் போதவில்லை, இரண்டாவதை ஒட்டினார். கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே ஒரு தடவைக்கு நாப்பது ரூபா."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. கும்பிட்டுக் கொடுத்தபோது தொடாதவர், இப்போது ரேட் சொல்கிறார்.

"நான் தரேன் சிஸ்டர்," என்றேன்.

"உன் காசு வேணாம். அவர் பென்ஷன்லேருந்து. அவர் கையால."

"நம்ம பண்ணதுக்கு அபராதம் போடறாங்க," என்று அம்மா இரண்டு நாள் சோறு போடும்போதெல்லாம் சொன்னார். பௌதி வரைக்கும் விஷயம் போயிற்று. நான் தாங்க முடியாமல் பஸ்ஸில் கேட்டுவிட்டேன். சிஸ்டர் ஜன்னல் வழியாக யாருடைய காதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா கெடச்ச கால வெச்சு அவரு சாமிக்கு நன்றி சொல்லிட்டாரு தம்பி. காசு குடுத்த கால எடுத்துக்கிட்டு எங்கயும் போக மாட்டாரு, நீ பாரு."

பார்த்தேன். உண்மைதான். இரண்டு இருபது ரூபாய்த் தாளை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, காலை இரண்டு தலையணை மேல் ஏற்றி, அப்பா ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருப்பார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். "நாப்பது ரூபா கட்டு, அழுக்காயிடும்," என்பார்.

ஆனாலும் மூன்றாவது வாரம் சுண்டுவிரல் கறுத்தது. சிஸ்டர் தான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே எங்களைக் கூட்டிப்போனார். வாசல் காவலாளியிலிருந்து வார்டு ஆயா மாஷி வரை எல்லாரும் எழுந்து நின்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் மட்டும் அவரை அறியாதவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "முன்பாதத்தை எடுத்துடறதுதான் சேஃப், மாஷிமா. பேஷன்ட் மறுபடியும் கவனிக்காம விடுவார்," என்றார்.

பாதிப் பாதம். அப்பாவுக்கு வங்காளம் நன்றாகப் புரியும். ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, சிஸ்டரைப் பார்த்தார்.

"தேக்கி," என்று எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னலில் வைத்தார் சிஸ்டர். "கெட்டது இந்த எலும்பு ஒண்ணு. பக்கத்துல சுத்தம்." பிறகு பையிலிருந்து டிசம்பர் முதல் மார்ச் வரைக்குமான கவர்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதே ஜன்னலில் பிடித்தார். வெளிச்சத்தில் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சின்னதாகிக்கொண்டே போய் நடுவில் ஒரு புள்ளியில் முடிந்தன. "பாருங்க டாக்டர். இது மூடத் தெரிஞ்ச கால். ரத்தம் போகுது. விரலை எடுங்க. மிச்சத்துக்கு நான் இருக்கேன்."

இளம் டாக்டர் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். பெரிய டாக்டர் கவர்களை வாங்கிப் பார்த்தார், கடைசிக் கவரின் மூலையில் அச்சடித்திருந்த புடவைக் கடையின் பெயரையும் படித்தார், சிரித்தார். விரல் மட்டும் என்று எழுதினார்.

விரலை எடுக்கும்போது சிஸ்டரும் நானும் வராந்தா பெஞ்சில் இருந்தோம். நான் அன்றுதான் சொன்னேன், கூட நடந்ததை, செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றதை, வகுப்பில் சொன்ன பொய்யை. "தெரியும்," என்றார். "முழு வாக்கியம் சொல்லச் சொன்னப்ப நீ என் மூஞ்சிய பாக்கல." கொஞ்சம் கழித்து, "நானும் அன்னிக்கே வந்து பாத்திருக்கணும். வாயால சொன்னத நம்பிட்டேன்," என்றார். பிறகு அடுத்த வாரத் தேர்வுக்குப் படித்துவிட்டேனா என்று விசாரித்தார். இல்லை என்றதும் ரெஜிஸ்டரைப் பிரித்து என் மடியில் வைத்தார்.

தேர்வில் நான் இரண்டாவது. சுமன் முதல். சிஸ்டர் கடைசிக்கு முந்தி. கடைசி நபர் வரவில்லை.

இப்போது அவர் லிஸ்பனில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவார். சுகமா என்று கேட்பதற்கு முன்னால் "எங்க, காட்டுங்க" வந்துவிடும். அப்பா போனுக்கு நேரே காலைத் தூக்குவார். பெரியவங்க முகத்துக்கு நேராகக் காலைக் காட்டுவதா என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பதறுவார், முந்தானையால் போனை மறைக்கப் பார்ப்பார். அந்தப் பக்கத்திலிருந்து, "தங்கச்சி, தள்ளு, வெளிச்சம் மறைக்குது," என்று குரல் வரும். அங்கே ட்ராமில் ஒரு கிழவரின் புருவத் தழும்பைப் பற்றிக் கேட்கப் போய், அவர் தன் மனைவியைக் கூப்பிட, மூவருமாக இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினார்களாம். எந்த மொழியில் பேசினீர்கள் என்றேன். புண்ணு மொழியில்தான் என்றார்.

அந்த இரண்டாவது தடவை அப்பாவின் கால் மூடி, இறுகி, தழும்பாக ஆகஸ்ட் நடுவாகிவிட்டது. கடைசி நாள் சிஸ்டர் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார், பக்கத்துத் தோலையும் அழுத்திப் பார்த்தார், திரும்ப இதை. டம்ளரைத் தூக்கி இரண்டு இருபது ரூபாய்த் தாளை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். போகும்போதாவது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று அம்மா கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார். கொடுக்கவில்லை. ஏப்ரலிலிருந்து அறுபத்திரண்டு முறை வந்திருந்தார். ஒரு விரலும், இரண்டாயிரத்து நானூற்று எண்பது ரூபாயும்.